புழுவும் புழுக்கமும்

சின்னவள் போட்ட புழு நன்றாகப் போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியவள், சின்னவள் என்றால் அக்கா தங்கை இல்லை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். புழு என்றால் மண்ணில் நெளிகிற புழுவும் இல்லை. தூண்டில் முள்ளில் கோத்துப் போடும் ரப்பர் புழு. ஏரியில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. பேருக்கேற்ற முதலாளித் திமிர். பசி இல்லாவிட்டாலும், தன் எதிரில் எது வாலை ஆட்டினாலும் பாய்ந்து கவ்விவிடும். அதைப் பிடிக்க ஞாயிறானால் ஊரில் பாதிப் பேர் ஏரிக்கரையில் நிற்பார்கள். ஒரு மீன் கடித்தால் ஒரு புழு கிழியும். அந்தக் கிழிசலில்தான் இந்த இரண்டு குடும்பமும் பிழைத்தது.

பெரியவளின் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் கொட்டகை. கார் எப்போதும் தெருவில் நின்றது. கொட்டகையில் புழு வார்த்தார்கள். பால் போலிருக்கும் திரவ பிளாஸ்டிக்கை மைக்ரோவேவில் சூடாக்கினால் தேன் மாதிரி தெளியும். அதில் நிறம், உப்பு, ஒரு சிட்டிகை ஜிகினாத் தூள், மீனுக்குப் பிடிக்கும் என்று பூண்டு எண்ணெய். கலக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் உருவினால் விரல் நீளத்துக்குப் பன்னிரண்டு புழு. கலவை பெரியவளுடைய பொறுப்பு. அவள் கையும் தலைமுடியும் ஏழு வருஷமாகப் பூண்டு மணத்தன.

அச்சு அவள் கணவனுடையது. அவன் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன். "மூணு மாசம் உக்காந்து அலுமினியத்துல அவரே செதுக்கினது. உலகத்துலயே இப்படி ஒரு புழு கிடையாது" என்று பாக்கெட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். தபால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவருக்குத் தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

கொழுந்தனும் சின்னவளும் நான்கு வருஷம் அதே கொட்டகையில் கூட வேலை செய்தார்கள். அவன் வேனில் கடை கடையாகப் பாக்கெட் போட்டுவிட்டு வருவான். சின்னவள் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நறுக்குவாள், அட்டை ஒட்டுவாள், எண்ணிக் கட்டுவாள். வந்த மூன்றாம் மாதமே, பச்சைக் கலவையை எட்டிப் பார்த்து, "அக்கா, இதுல ஒரு சொட்டு கறுப்பு விட்டா பூசணித் தோல் மாதிரியே வரும்ல?" என்றாள். விட்டார்கள். அப்படியே வந்தது. அந்த நிறம்தான் அந்த வருஷம் அதிகம் விற்றது. பெரியவளின் வயிற்றில் முதல் கங்கு விழுந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். மூன்று தெரு தள்ளி, சலவைக் கடை மாடியில் இரண்டு அறை. சண்டை ஒன்றும் இல்லை. போன ஆறாவது மாதம் நீல அட்டையில் ஒரு புழு கடைக்கு வந்தது. பெரியவளுடையது சிவப்பு அட்டை. அட்டைதான் வேறு, உள்ளே அதே நீளம், அதே வளையங்கள், அதே வளைந்த வால்.

"நம்ம தம்பிதானே, பொழைச்சுட்டுப் போறான்" என்றான் கணவன்.

"தம்பி பொழைக்கட்டும். அவ எதுக்குப் பொழைக்கணும்?"

தூண்டில் கடைக்காரர் சிவப்பு அட்டையைக் கீழ்க் கொக்கியிலும் நீல அட்டையைக் கண்ணுக்கு நேராகவும் மாட்டியிருந்தார். பெரியவள் வாராவாரம் நூல் வாங்குகிற சாக்கில் போனாள். யாரும் பார்க்காத நேரத்தில் நீலத்தைக் கழற்றிக் கீழே மாட்டி, சிவப்பை மேலே ஏற்றினாள். நான்காவது வாரம் கடைக்காரர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "அக்கா, வியாழக்கிழமையானா உங்க பாக்கெட்டுக்குக் கால் முளைச்சு மேல ஏறிடுதே, அது எப்படி?"

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கிற கடையில அது தானா ஏறினாத்தான் உண்டு" என்றாள் பெரியவள். அந்த நேரம் பார்த்து, தொப்பி போட்ட ஒருவர் உள்ளே வந்து நீல அட்டையில் ஐந்து எடுத்தார். "இது தண்ணிக்குள்ள உசுரோட இருக்குங்க" என்று அவளைப் பார்த்தே சொன்னார், பாவம், ஆள் தெரியாமல். பெரியவள் நூல் வாங்காமல் வெளியே வந்தாள்.

உயிரோடு இருக்கிறதாம். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பி ஒரு நீலப் பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். தானே போய் வாங்கியிருந்தால் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். தராசில் நிறுத்தாள். அளவுகோல் வைத்து அளந்தாள். பிளேடால் நீளவாக்கில் கிழித்தாள். வாளித் தண்ணீரில் தன் புழுவையும் அவள் புழுவையும் ஒன்றாகப் போட்டாள். தன்னுடையது ஆணி மாதிரி விறைத்து இறங்கியது. அவளுடையது வாலை மெல்ல அசைத்துக்கொண்டு, இறங்க மனசில்லாததுபோல் இறங்கியது. பெரியவள் அதை எடுத்து நுனியைக் கடித்து, உப்பு எவ்வளவு என்று நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

கணவன் வாசலில் நின்று பார்த்தான். "மீனுக்குப் போடறதை நீ ஏன் திங்கிற?"

"பேசாம போங்க."

அப்போதுதான் அது விரலில் தட்டியது. தலையிலிருந்து ஏழாவது வளையத்தில், கடுகைவிடச் சின்னதாக ஒரு மேடு. அந்த மேடு அவளுக்குப் பிள்ளையின் மச்சம் மாதிரி பழக்கம். ஏழு வருஷமாகத் தன் ஒவ்வொரு புழுவிலும் அதைத் தடவியிருக்கிறாள். செதுக்கும்போது உளி வழுக்கியது என்று அவள் நம்பிக்கொண்டிருந்த மேடு.

"ஈயடிச்சான் காப்பி!" என்று எழுந்தே விட்டாள். "பாருங்க! நீங்க வழுக்கின இடம் முதற்கொண்டு அப்படியே எடுத்திருக்கா! இப்பவே போறேன்."

கணவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "விடும்மா. குடும்பத்துக்குள்ள எதுக்கு..."

தம்பிக்குப் பரிந்து பேசுகிறான் என்று அவள் நினைத்தாள். மறுநாள் காலையில் இரண்டு புழுவையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

சலவைக் கடை மாடியில் நீராவி வாடை. சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வேனோடு வெளியே போயிருந்தான். அந்த வீட்டிலும் எல்லாம் அளவாக, பளிச்சென்று இருந்தது. ஜிகினா பாட்டில்களில்கூட நிறவாரியாகச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே பெரியவளுக்குப் பாதி வார்த்தை மறந்துவிட்டது. மீதி வார்த்தை இரண்டு மடங்கு சத்தமாக வந்தது.

"என் வீட்டுக்காரர் ராப்பகலா செதுக்கினதை அச்சு எடுத்து வித்திருக்கியே, உனக்குக் கை கூசலையா? இந்தா, இந்த மேட்டைத் தொட்டுப் பாரு!"

சின்னவள் தொட்டுப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலை வைத்தாள். "உக்காருங்கக்கா."

"உக்கார வரலை."

"சரி, நின்னுக்கிட்டே பாருங்க." அலமாரியின் கடைசி இழுப்பறையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். அட்டை வெளிறிப் பழுப்பாகியிருந்தது. எப்போதோ மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனி. உள்ளே மிச்சம் ஒரே ஒரு புழு, காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பெரியவள் வாங்கி, பழக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதில் தட்டியது.

"உங்க வீட்டுக்காரர் இதை வச்சுத்தான் பிளாஸ்டர்ல அச்சு எடுத்தாரு. அப்புறம் அதை அலுமினியத்துல வார்க்கக் குடுத்தாரு. அன்னைக்குப் பிளாஸ்டர் கலந்து குடுத்தது எங்க வீட்டுக்காரர். நாங்களும் இதுலேருந்துதான் எடுத்தோம். உங்க புழுவிலேருந்து எடுக்கலை. திட்டறதுன்னா எல்லாரையும் சேத்துத் திட்டுங்க."

பெரியவள் பழுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணமாகி வந்த மாசமே அவரு சொன்னாரு."

காப்பியடித்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது. தன் வீட்டு ரகசியம், தன் கணவனின் ரகசியம், தனக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தபால்காரரிடம் தான் பெருமையடித்தபோது இவள் பக்கத்தில் உட்கார்ந்து தலை குனிந்து வால் நறுக்கிக்கொண்டிருந்தாளே, உள்ளுக்குள் சிரித்திருப்பாளோ? சிரிக்கவில்லை என்றால் இரக்கப்பட்டிருப்பாளோ? இரண்டில் எது மோசம் என்று படியிறங்கும்போது அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

கணவன் எதையும் மறுக்கவில்லை. "செதுக்கினேன்னு நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பொண்ணு பாக்க வந்தப்போ, உங்கப்பா முன்னால. மிச்சம் பூரா நீ சொன்னது" என்றான். அதுவும் உண்மைதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், கடையில் பிள்ளைகள் விளையாடும் களிமண் இரண்டு கட்டி வாங்கிவந்து கொட்டகையில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"புழு பண்றேன். எவனும் பண்ணாத புழு."

பத்து உருவத்தைப் பிசைந்து பிசைந்து அழித்தாள். பதினொன்றாவதில் வளையமே இல்லை. உடம்பு வழவழவென்று, வால் மட்டும் இலைபோல் தட்டையாகி நடுவில் பிளந்து இரண்டாக நின்றது. "இப்ப செதுக்குங்க பாப்போம்" என்று கணவன் முன்னால் வைத்தாள். அவன் நிஜமாகவே இரண்டரை மாதம் செதுக்கினான். கலவையில் அவள் உப்பைக் குறைத்தாள். இளக்குகிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினாள். ஒரு கட்டத்தில் புழு கையில் நிற்காமல் வழிந்தது. அதற்கு ஒரு சொட்டு முன்னால் நிறுத்தினாள். வாளியில் போட்டால் இரண்டு வாலும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டு இறங்கின.

ரெட்டைவால் புழு கடைக்குப் போனது. ஓகோ என்று இல்லை; ஓடியது. வாங்கினவர்கள் மறுபடி வாங்கினார்கள். பெரியவள் அதில் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அவள் வியாழக்கிழமை தவறாமல் கடைக்குப் போய் நீல அட்டை வரிசையைத்தான் துழாவினாள்.

"என்னக்கா தேடறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்லை."

அவள் தேடியது நீல அட்டைக்குள் ஒரு ரெட்டைவாலை. இரண்டு மாதம், மூன்று மாதம், வரவில்லை. சின்னவள் அந்தப் பழைய வளையப் புழுவிலேயே புதுப்புது நிறமாக விட்டு நன்றாக விற்றுக்கொண்டிருந்தாள். பெரியவள் புழுங்கினாள். "காப்பியடிக்கக்கூட லாயக்கில்லையா என் புழு?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அடிச்சாலும் தப்பு, அடிக்கலைன்னாலும் தப்பா?" என்றான் கணவன். அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததற்காகப் பொறாமை போய்விடவும் இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தனிக்குடித்தனம் போன பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கையில் பளபளவென்று ஒரு பாக்கெட். டிவியில் விளம்பரம் கொடுக்கிற பெரிய கம்பெனியுடையது.

"அக்கா, இதைப் பாத்தீங்களா? அப்படியே உங்க ரெட்டைவால். பாவிங்க, அளவுகூட மாத்தலை!"

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு குளிர்ச்சி. அத்தனை பெரிய கம்பெனியில் யாரோ ஒருவர், சட்டை கசங்காதவர், தன் புழுவை மேசையில் வைத்து அளந்திருக்கிறார். நாக்கில் வைத்துக்கூடப் பார்த்திருக்கலாம். "வா உள்ள" என்றாள். வாளியில் தண்ணீர் பிடித்து இரண்டையும் ஒன்றாக விட்டார்கள். கம்பெனிப் புழு கல் மாதிரி விழுந்தது. பெரியவளுடையது இரண்டு வாலையும் நடுக்கிக்கொண்டு நிதானமாக வந்து சேர்ந்தது. ஓரகத்திகள் இருவரும் வாளி விளிம்பைப் பிடித்துக் குனிந்தபடி அதையே பார்த்தார்கள்.

"இந்த இளக்கம் யாருக்கும் வராதுக்கா" என்றாள் சின்னவள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நானே மூணு தடவை ஊத்திப் பாத்துட்டேன். ஒண்ணு வழியுது, இல்லைன்னா வெறைக்குது" என்றாள்.

பெரியவள் வாளியிலிருந்து நிமிர்ந்தாள். "நீயா? எப்போ?"

"நீங்க போட்ட அடுத்த வாரமே. முடியலை. வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. வயிறு எரிஞ்சுதுக்கா, நிஜமா சொல்றேன்."

வாழ்க்கையில் யாரும் அவளிடம் அதைவிட இனிமையாக எதுவும் சொன்னதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். சின்னவள் பாதி குடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோல், "எண்ணெய் எவ்வளவுக்கா விடறீங்க?" என்றாள்.

"கண்ணளவுதான்" என்றாள் பெரியவள். "அது கிடக்கட்டும், உன் பூசணிப் பச்சையில ஏதோ செம்பு மாதிரி மினுக்குதே, அது என்ன ஜிகினா?"

"கையில கிடைச்சதுதான்க்கா" என்றாள் சின்னவள்.

இருவரும் கம்பெனிக்காரனை ஒரு மணி நேரம் மனதாரத் திட்டினார்கள். அதற்குப் பிறகு சின்னவள் மாதம் ஒருமுறையாவது வந்து போகிறாள். எண்ணெய்க் கணக்கை இவள் சொல்லவில்லை. ஜிகினாவை அவளும் சொல்லவில்லை.