டெக்னோ பஸ்ஸில் டிரான்ஸ் கலந்த காலை

இன்று காலை ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். டெக்னோ இசை போடுகிற பஸ். ஒரே இடி, மெட்டே கிடையாது. வழக்கமாக இளவட்டங்கள்தான் ஏறுவார்கள். பெண்கள் பின்னால் வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

இன்று பாதி பஸ் பெண்கள்.

"டெக்னோவுல டிரான்ஸ்ங்கிற இன்னொரு மியூசிக்கைக் கலந்துட்டோம் மிஸ்," என்றார் கண்டக்டர். "தாள அடி அதேதான். மேல மெட்டு மெதுவா ஏறும், அடி நின்னுரும், அப்புறம் திடீர்னு விழும். பொம்பளைங்களுக்குப் புடிச்சிருச்சு."

இரண்டு இரைச்சலைச் சேர்த்தால் இசையாகிவிடுமா என்று கேட்க நினைத்தேன்.

நோர்வூட்டில் பஸ் நின்றபோது மெட்டு ஏறிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய அக்கா ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"எறங்குங்கக்கா, பின்னால அடுத்த பஸ்காரன் வந்துட்டான்!" என்றார் கண்டக்டர்.

"இருங்க தம்பி. அடி விழட்டும், எறங்குறேன்."

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நகரவில்லை. மற்ற பஸ் ஹாரன் அடித்தபடி எங்களை முந்திப் போனது. இனி வழியில் நிற்கும் ஆட்களெல்லாம் அதற்குத்தான்.

"பாட்ட நிப்பாட்டுங்கண்ணே!" என்று கண்டக்டர் சாரதியிடம் கத்தினார்.

"நிப்பாட்டாதீங்க!" என்று பஸ்ஸே கத்தியது.

அதில் என் குரலும் கேட்டதாக யாராவது கீழே கமெண்டில் எழுதினால், ஆதாரம் கேட்பேன்.