இடது பக்கம் ஜெயசீலியுடையது

போன வாரம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போயிருந்தேன். வாங்கப் போனது வெறும் பேனா ரீஃபில். கடைப் பெண் மேல் தட்டில் கையை விட்டுத் துழாவியபோது ஒரு சின்ன பாட்டில் உருண்டு விழுந்து உடைந்தது. படம் வரைகிற கறுப்பு மை. "அய்யோ ஆச்சி, சேலையில பட்டுருச்சா?" என்று பதறினாள் அவள். (ஆச்சியாம்! தலைக்குச் சாயம் போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை.) நான் சேலையைப் பார்க்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். லேசான கற்பூர வாடை, அதற்கடியில் அரக்கு வாடை. எனக்கு அது மையின் வாடையே இல்லை. காலை எட்டு பத்து டவுன் பஸ்ஸின் வாடை.

பஸ்ஸில் எப்படி மை வாடை வரும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், எனக்கு நேராகப் போய்ப் பழக்கமில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைப்பிஸ்ட் வேலை. பகல் முழுக்க "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று யார் யாருக்கோ தட்டிவிட்டு, சாப்பாட்டு வேளையில் கதை எழுதுவேன். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். அவை போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். எங்கள் தெருத் தபால்காரர் தடித்த உறையைத் தூரத்திலிருந்தே ஆட்டிக் காட்டிக்கொண்டு வருவார். மனிதருக்கு அதில் என்ன சந்தோஷமோ தெரியவில்லை.

அந்த நாளில்தான் மில்லில் கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோருக்கும் பால்கோவா நினைவுக்கு வரும். எனக்குப் பூனைதான் நினைவுக்கு வரும். சாப்பிட்டுவிட்டுத் தெருவில் காலாற நடந்தபோது, திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் மடியில் பூனையை அமுக்கிப் பிடித்தபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். காகிதத்தில் இருந்தது புலி.

"பூனையப் பாத்துப் புலி வரையுறீகளா?"

"பின்ன, புலி வந்து உக்காருமா? இதுவே உக்கார மாட்டேங்குது. செத்த நேரம் பிடிங்க" என்று பூனையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அப்படித்தான் ஜெயசீலி எனக்குப் பழக்கம். என்னைவிட ஒரு வயது மூத்தவள். சிவகாசி அச்சகங்களுக்குத் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் வீட்டிலிருந்தே வரைந்து கொடுப்பாள். கிளி, புலி, மத்தாப்பு பிடித்த பெண் என்று அவள் கையால் பிறந்தவை எத்தனையோ வீட்டு அடுப்படியில் இருந்தன. எதிலும் அவள் பெயர் இருக்காது. அன்றைக்கே என்னிடம் பொருமினாள்: "தீப்பெட்டி மேல எடம் எம்புட்டு இருக்கு? ரெண்டு இஞ்சு. அதுக்குள்ள எம்புட்டு நாளைக்கித்தான் குடியிருக்கது?"

நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்ததும் ஒரு யோசனை சொன்னாள். இருநூறு பக்கத்தில் கோடு போடாத நீள நோட்டு ஒன்று. வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவளுக்கு. வாரம் ஓர் அத்தியாயம். நான் எழுதி அனுப்பினால் அவள் படம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். அந்தப் படத்தைப் பார்த்து நான் அடுத்த அத்தியாயம் எழுத வேண்டும். இடையில் கூடிப் பேசக் கூடாது. முக்கியமான நிபந்தனை ஒன்றும் வைத்தாள். "நீ எழுதுனத நான் திரும்ப வரைய மாட்டேன். நான் வரைஞ்சத நீ திரும்ப எழுதக் கூடாது. சொன்னதையே சொல்லிட்டுக் கெடக்க நாம என்ன ரேடியோவா?"

நோட்டைச் சுமந்தது நான் மில்லுக்குப் போகிற எட்டு பத்து டவுன் பஸ். கண்டக்டர் மாடசாமி அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். திங்கட்கிழமை என்னிடம் வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுப்பார், வியாழக்கிழமை அதற்கு முந்தின டிரிப்பில் அங்கிருந்து கொண்டுவருவார். ஜெயசீலி பஸ் வருகிற நிமிஷம்வரை வரைவாள். மை காயாத பக்கத்தை விரித்தபடியே, கல்யாணத் தாம்பாளம் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு வருவார் அண்ணாச்சி. பஸ் முழுக்க அந்த வாடை.

கதை கூமாப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றியது. பெயர் பேச்சி. மூன்று அண்ணன்மார் அவளை ஏமாற்றிக் கைநாட்டு வாங்கி, தோப்பை எழுதிக்கொண்டார்கள். அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். முதல் அத்தியாயம் அவ்வளவுதான். அதை எழுதி முடித்து நானே நாலு தடவை படித்து, நானே உருகி, அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை படம் வந்தது. பேச்சி சேலைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டேன். பேசக் கூடாது என்ற நிபந்தனை முதல் வாரத்திலேயே காற்றில் போயிற்று. "ஏட்டி, யாரு சட்டை இது? நான் எங்க எழுதியிருக்கேன்?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ அப்பன் சட்டை. செத்துப்போன மனுசன் சட்டை. அதை விட்டுட்டா கெளம்புவா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேச்சிக்கு அப்பன் இல்லை என்று நான் எழுதவே இல்லை. ஆனால் அதுதான் உண்மை. இருந்திருந்தால் அண்ணன்மார் அப்படிச் செய்திருப்பார்களா? என் கதை எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறேன் என்று நினைத்து இரண்டு தடவை காலை ஒதுக்கி வழி விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வாரம் என்றாலே வியாழக்கிழமைதான். அவள் என்ன வரைந்திருப்பாள்? ஒரு வாரம் பேச்சிக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு வந்தது. அதை வைத்து நான் மூன்று அத்தியாயம் எழுதினேன். ஒரு வாரம் பேச்சி சிரித்தாள். அழ வைக்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டமெல்லாம் பாழ். நானும் பதிலுக்கு அவளைத் திணறடிப்பேன். பேச்சியை பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, தறியின் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். சத்தத்தை எப்படி வரைவாள், பார்க்கலாம் என்று. அவள் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்ட பேச்சியின் முகத்தை மட்டும் வரைந்து அனுப்பினாள். தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இதற்குள் பஸ்ஸே எங்கள் கதையைப் படிக்க ஆரம்பித்திருந்தது. ஒருத்தர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் படத்துக்குக் கழுத்தை நீட்டுவார்கள். தெலுங்கு பேசுகிற வீட்டு அக்கா ஒருவர் என்னைக் கண்டால் போதும், "அம்மாயி, ஆட்டை மட்டும் ஒண்ணும் பண்ணிராத" என்பார். அண்ணன்மாருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று ஆளாளுக்கு ஆலோசனை சொன்னார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவர் சொன்ன தண்டனையை இங்கே எழுத முடியாது.

இருபத்திரண்டு வாரத்தில் கதை முடிந்தது. தறியில் வேலை பார்த்துத் தன் காலில் நின்ற பேச்சி ஊருக்குத் திரும்புகிறாள். தோப்பில் பங்கு கேட்கப்போகிறாள் என்று ஊரே கூடி நிற்கிறது. கடைசி வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்: "எல்லோரும் பார்க்க அதைக் கழற்றினாள். மடித்தாள். மூத்தவன் காலடியில் வைத்தாள்." நோட்டில் அதைப் படித்த அன்று தெலுங்கு வீட்டு அக்கா இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்தத் தெம்பில், கதையை மட்டும் பிரதி எடுத்துச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். படங்களும் இருக்கின்றன என்று ஒரு குறிப்பு வைத்தேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது. தடித்த உறை இல்லை, மெல்லிய உறை! தபால்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"கதை நன்று. வெளியிட விரும்புகிறோம். ஆனால் கடைசிக் காட்சியில் கதாநாயகி ஊரார் முன்னிலையில் எதைக் கழற்றுகிறாள் என்பது தெளிவாக இல்லை. எங்களுடையது குடும்பத்தினர் படிக்கும் பத்திரிகை. தக்க விளக்கம் சேர்த்து அனுப்பவும். படங்களை எங்கள் ஓவியரே வரைந்துகொள்வார்."

மில் ஆபீஸ் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு அத்தியாயத்தையும் புரட்டினேன். சட்டை என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. எப்படி இருக்கும்? சட்டை இடது பக்கத்தில் அல்லவா இருந்தது!

விளக்கம் சேர்ப்பது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை. அன்று சாப்பாட்டு வேளையிலேயே மூன்று இடத்தில் அப்பாவின் சட்டையை எழுதிச் சேர்த்தேன். அச்சில் என் பெயர் வரப்போகிறது என்ற பரபரப்பு. சேர்த்தது கச்சிதமாகவும் இருந்தது, முதலிலிருந்தே என்னுடையதுபோல. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் மாடசாமி அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். படித்தார். தாளை மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"சட்டை அந்தப் புள்ள போட்டுவிட்டதுல்லம்மா?" என்றார்.

சொல்லிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அன்றைக்கு மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஜெயசீலி ஏதோ லேபிளுக்குக் கிளி வரைந்துகொண்டிருந்தாள். கடிதத்தையும் நான் எழுதியதையும் படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. அனுப்பு. ஒன் பேரு வரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு வண்ணம் தீட்டப் போனவளுக்குப் பச்சை கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. இத்தனை நாளில் அவளுக்கு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"நோட்டையே அனுப்புவோம்" என்றேன்.

"கோட்டி பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? ஒரே நோட்டு. தொலைஞ்சா?"

"தொலைஞ்சா ரெண்டு பேருக்கும் சேந்து தொலையட்டும். வந்தா ரெண்டு பேரும் வாரோம். இல்லன்னா நானும் வரல."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மை டப்பாவை மூடாமலேயே எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். ஓடாத குறையாகத் தபாலாபீஸுக்குப் போனோம். நான் எழுதிச் சேர்த்த தாள்களை வழியிலேயே கிழித்துப் போட்டேன். பதிவுத் தபாலில் நோட்டு போயிற்று. அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பியவர்கள்கூட அப்படித் தவித்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் முப்பது பேர் ஒரே கேள்வி கேட்பார்கள்.

வந்தது! தொடர்கதையாக மூன்று இதழில் வந்தது. என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஜெயசீலியின் பெயர். முதல் இதழ் வந்த அன்று அவள் என்னை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தூக்கிவிட்டாள், நிஜமாகவே தரையிலிருந்து தூக்கிவிட்டாள். மாடசாமி அண்ணாச்சி படிக்கட்டில் நின்று முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். டைம் கீப்பர் கத்திக்கொண்டே வந்தவர் தானும் நின்று கேட்டார். எட்டு பத்து அன்றைக்கு எட்டரைக்குத்தான் கிளம்பியது.

ஆனால் அவர்கள் இருபத்திரண்டு படத்தில் ஐந்தைத்தான் போட்டார்கள். இடமில்லையாம். பேச்சி சட்டையோடு நிற்கிற படங்கள் முதல் இதழோடு சரி. கடைசிப் படம் வரவில்லை. நாங்கள் ஒரு வார்த்தையும் மாற்றாததால் கதையும் "அதைக் கழற்றினாள்" என்றே அச்சாயிற்று. எதைக் கழற்றினாள் என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். சிலர் திட்டினார்கள். ஜெயசீலி அந்தக் கடிதங்களைப் படித்துப் படித்துச் சிரித்தாள்.

நோட்டு திரும்பி வரவில்லை. எழுதிக் கேட்டோம். அச்சுக்காகப் பக்கங்களைப் பிரித்துவிட்டோம், தேடுகிறோம் என்றார்கள். பிறகு அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று. ஜெயசீலி கடைசிப் படத்தை மறுபடி வரைந்து பார்த்தாள். நாலு தடவை வரைந்து நாலையும் கிழித்தாள். "அது அன்னைக்கி வந்தது" என்றாள். கல்யாணமாகித் தூத்துக்குடி போனாள். கடிதத்திலும் போனிலும் கடைசிவரை என்னை ஏட்டி என்றே கூப்பிட்டாள். போன வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் போய்விட்டாள். மாடசாமி அண்ணாச்சி அதற்கும் முன்பே போய்விட்டார். பஸ்ஸில் கழுத்தை நீட்டியவர்கள் எங்கெங்கே இருக்கிறார்களோ தெரியாது. அச்சுக்கு வராத பதினேழு படங்களையும் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான்தான். எனக்கோ ஒரு கோடுகூட நேராக வராது.

அதனால் அவள் நிபந்தனையை மீறுகிறேன். வலது பக்கத்துக்காரி இடது பக்கத்தை எழுதுகிறேன். அது நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் கறுப்பு. மடித்து மண்ணில் வைத்திருக்கிறது. சுற்றி மூன்று அண்ணன்மாரின் கால்களும் பின்னால் ஊரார் கால்களும் மட்டும் தெரியும். இளையவனின் கால் ஓரடி பின்னால் போயிருக்கும். ஊர் முழுக்க நிற்கிற அந்தப் படத்தில் பேச்சி இல்லை. அவள் போய்விட்டாள்.