அக்காவின் புத்தகத்தை வாங்கியவர்கள்

கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்ற எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில், இந்த மலரோடு ஒரு புத்தகமும் இருக்கும். அது எப்படி வந்தது என்பதைத் தம்பியாகிய நான் சொல்லியாக வேண்டும்.

அக்கா பிரேசர் டவுனில், ஆலயத்துக்குப் பின்தெருவில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்தார். வகுப்பில் கண்டிப்பு, வீட்டில் கேலி. நான் தேர்வில் தோற்றபோது, "ஃபெயில் ஆனதுலயும் நீதான்டா ஃபர்ஸ்ட்" என்று சிரித்தவர். திருமணமாகி மல்லேஸ்வரம் போன பின் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. அத்தான் அடித்தார். அத்தானும் இன்று இல்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்ததுதான் நாம் செய்த தவறு.

இரண்டு முறை அக்கா கையில் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு முறையும் நான்தான் ஆட்டோ பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா. ஜனங்க என்ன பேசுவாங்க?" என்றேன். இரண்டாம் முறை விட்டுவந்த அதே வாரத்தில் அவருடைய இடது கை முறிந்தது. அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. மூன்றாம் முறை அவர் எங்களிடம் வரவில்லை. அடிபட்ட பெண்களுக்கான ஒரு ஹோமுக்குப் போனார்.

ஓய்வுபெற்ற பின் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். லாபம் முழுவதும் அந்த ஹோமுக்கே என்று முதல் பக்கத்தில் போட்டார். "காசு ஹோமுக்குடா, கதை நம்ம ஜனங்களுக்கு. இன்னொரு பொண்ணு பையோட வந்து நின்னா, படிச்சவங்க கதவத் தொறப்பாங்க இல்ல? நீ ஆட்டோல கூட்டிட்டுப் போனதும் அதுல இருக்கு" என்றார். எப்போது, எங்கே விற்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அறுப்பின் பண்டிகையன்று ஆலய வளாகத்தில் விற்பனைக்கு வைத்தார்கள். ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வருவதற்குள், பொம்மசந்திரா தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் இருவரை அனுப்பி அத்தனையையும் வாங்கிவிட்டேன். என் வீட்டுப் பரணில் அடுக்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் அந்த மூடியையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"டேய், ஒரு காப்பிகூட மிச்சமில்லடா!" என்று அக்கா போனில் கத்தினார். பல வருடங்களுக்குப் பின் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பணம் ஹோமுக்குப் போயிற்று. புத்தகம் கிடைக்கவில்லை என்று உங்களில் சிலர் சொன்னதால் அடுத்த வருடம் மறுபடி அச்சடித்தார். மறுபடி வாங்கினேன்.

புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டார்: "அவ்வளவு பேர் வாங்கினாங்களே, ஒருத்தர்கூட ஏன்டா என்கிட்ட வந்து பேசல? நான் எழுதினது தப்பா?"

"இல்லக்கா. படிச்சிருப்பாங்க. எப்படிப் பேசறதுன்னு தெரியாம இருப்பாங்க" என்றேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கதை யாருக்கும் உறைக்கவில்லை என்று நம்பியே அக்கா கண்மூடினார். இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?

அடக்கம் முடிந்து ஹோமுக்குப் போனேன். பொறுப்பாளர் அம்மா புது இரும்புக் கேட்டைக் காட்டினார். "குடிச்சிட்டு வர்ற புருஷனுங்க இப்ப உள்ள நுழைய முடியாது சார். எல்லாம் உங்க அக்கா புக் காசுதான்" என்றார்.

போன மாதம்தான், இன்று உங்களுக்குக் கொடுப்பதற்காகக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, முதன்முறையாகப் புத்தகத்தைப் படித்தேன். ஆட்டோ வரும் பக்கத்தைத் தேடினேன். என் பெயர் அங்கே இல்லை. 'உறவினர் ஒருவர் என்னைத் திரும்ப அழைத்துச் சென்றார்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் முறைபோட்டு அக்காவைக் கவனித்துக்கொண்ட ஹோமின் பெண்களுக்கும், ஜெபித்த ஆயர் அவர்களுக்கும், பெட்டியைச் சுமந்த சபை வாலிபர்களுக்கும் எங்கள் நன்றி. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தயவுசெய்து படியுங்கள். அந்த உறவினர் நான்தான்.