மரக்கட்டை என்னுடையது, பொய் உங்களுடையது

காண்ட்ராக்டரே, நீங்கள் என்னைத் திருடன் என்று சொன்னது பொய். பொய் என்று தெரிந்த பிறகும் அந்தச் சொல்லை நீங்கள் திரும்ப வாங்கவில்லை. உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

போன மாதம் பழைய குடியேறிகளைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்களே, அந்தக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து உங்கள் காரைப் பற்றிக் கதை சொன்னீர்கள். "ஒரு மிஸ்திரி என் இஞ்சினையே தின்னுட்டான்" என்றீர்கள். மிஸ்திரி என்றால் இங்கே மெக்கானிக், அதாவது நான். சனங்கள் சிரித்தார்கள். நான் நான்காவது வரிசையில் இருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்கள். அதனால் மீதிக் கதையை நான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் பின்பாதி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை எனக்கு. அப்பா வள்ளம் கட்டுகிற தச்சர். நான் மெட்ராஸில் மோட்டார் வேலை பழகிக்கொண்டு கப்பல் ஏறி அந்தமானுக்கு வந்து, டாலிகஞ்சில் ரோட்டோரம் தகரம் போட்டு ஒரு ஷெட் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு மலையாளியின் டீக்கடை. சாலை வேலை எடுத்திருந்த நீங்கள் குட்வில் எஸ்டேட்டில் மேட்டு வீட்டில் இருந்தீர்கள். தீவில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் நீங்கள் ஒருவர்.

ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் பெரார்கஞ்ச் வரை அந்தக் காரை விரட்டி இஞ்சினை வெடிக்க வைத்தது யார்? நீங்கள். டிரைவர் நிறுத்தச் சொன்னானாம், நீங்கள் கேட்கவில்லையாம். அவனே என்னிடம் சொன்னான். பிறகு மெயின்லாந்திலிருந்து ஒரு பழைய ஜீப் இஞ்சினையும் நான்கு புது பிஸ்டனையும் கப்பலில் வரவழைத்தீர்கள். காரில் ஜீப் இஞ்சின் உட்காராது என்று இரண்டு பேர் கைவிரித்த பிறகு என்னிடம் வந்தீர்கள். நான் உட்கார வைத்தேன். தாங்கிகளை வெட்டி ஒட்டி, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பன்னிரண்டு நாள் வேலை. பிஸ்டன் ஏற்றிய அன்று நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் நான் புள்ளி குத்தினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று.

"என்ன மிஸ்திரி, கோலமா போடுற?" என்று கேட்டீர்கள்.

"எது எந்த சிலிண்டருக்குன்னு அடையாளம்ங்க. நாளைக்குக் கழட்டுறவனுக்கும் தெரியணும்ல" என்றேன். இதை மறந்துவிடாதீர்கள். இதற்குத் திரும்ப வருவேன்.

ஜீப்பில் வைப்பர் ஓடுவது இஞ்சின் உறிஞ்சும் காற்றில். அதற்காக, பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகிற இன்டேக் குழாயின் பின்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். உங்கள் காரின் வைப்பர் கையால் திருப்புவது. ஆகவே அந்தத் துளையை அடைக்க வேண்டும். அந்த மரைக்குப் பொருந்தும் திருகு போர்ட் பிளேரில் எங்கும் கிடைக்கவில்லை. கேட்டு எழுதினால் அடுத்த கப்பலுக்கு அடுத்த கப்பலில் வரும். நீங்களோ காலையிலும் மாலையிலும் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினீர்கள். நான் படாக் மரத்தில் ஒரு முளை சீவி, பஞ்சு சுற்றி, குங்கிலியம் பூசி, சுத்தியலால் அடித்து இறக்கினேன். எங்கள் ஊரில் வள்ளத்தில் துளை விழுந்தால் அப்படித்தான் அடைப்பார்கள். என் கைக்கு அதுதான் முதலில் வந்தது.

பத்து நாள் கார் நன்றாக ஓடியது. வால்வு இடைவெளி பார்க்க ஒரு தடவை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வந்தது. இரண்டு நாள் ஷெட்டில் நின்றது. பக்கத்து மூடியை மட்டும் திறந்து பார்த்துச் சரிசெய்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் வினை. நின்ற இடத்திலிருந்து வண்டி கிளம்ப மறுத்தது. மெதுவாகப் போகும்போது காலை அழுத்தினால் இருமியது, இழுக்கவில்லை. வேகம் பிடித்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. மெட்ராஸ் மாதிரி சமதரையாக இருந்தால் சமாளித்திருக்கலாம். போர்ட் பிளேரில் எந்தத் தெருவில் ஏற்றம் இல்லை? உங்கள் வீட்டு மேட்டில், பின் சீட்டில் இரண்டு ஆபீசர்களோடு, கார் பின்னால் உருண்டது. ஆபீசர்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அவமானம் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடை முன்னால் வந்து நின்றீர்கள். முதலில் தமிழில் திட்டினீர்கள். பெஞ்சில் இருந்த பெங்காலிகளும் தெலுங்கர்களும் புரியாமல் பார்த்தார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று இந்திக்கு மாறினீர்கள்.

"யே மிஸ்திரி சோர் ஹை. நயா பிஸ்டன் நிகாலா, புரானா டாலா."

கார் ஷெட்டில் நின்ற அந்த இரண்டு நாளில் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுவிட்டேனாம். நான் சோர், திருடன்.

"இஞ்சினைத் திறக்கிறேன். நீங்களே வந்து பாருங்க" என்றேன்.

"நீ தொறந்தா உள்ள என்ன வேணா வைப்பே" என்று சொல்லி, காரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

அன்று மத்தியானமே டீக்கடை பெஞ்சை ஷெட் முன்னால் இழுத்துப் போட்டு, வருகிறவன் போகிறவனை எல்லாம் உட்கார வைத்து, சிலிண்டர் மூடியைக் கழற்றினேன். நீங்கள் வரவில்லை, டிரைவரை அனுப்பினீர்கள். பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டினேன். ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, நான்கு. டிரைவர் பெங்காலி, புள்ளி குத்திய அன்று அவனும் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன். விரல் வைத்து எண்ணினான்.

"டீக் ஹை. வஹி ஹை" என்றான். சரிதான், அதேதான் என்று. சாயங்காலம் உங்களிடமும் அதைச் சொன்னான். நீங்கள் அவனை வாயை மூடச் சொன்னீர்கள்.

அதற்குள் ஊரில் சொல் பரவிவிட்டது. பழுதுக்கு வந்து நின்ற ஒரு ஜீப்பையும் ஒரு லாரியையும் அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'சோர் கி பேட்டி', திருடன் மகள், என்றார்கள். எட்டு வயது அவளுக்கு.

திருடவில்லை என்று காட்டியாயிற்று. ஆனால் வண்டி இன்னும் இழுக்கவில்லையே. அது என் வேலை, நான் விடவில்லை. பிளக்கை மாற்றினேன். பாயிண்ட் தேய்த்தேன். டைமிங்கை முன்னும் பின்னும் திருப்பினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் சோக்கைப் பாதி இழுத்து ஓட்டினேன். இஞ்சின் உடனே நிமிர்ந்தது. சோக் போட்டால் காற்று குறையும். காற்று குறைந்தால் நன்றாக ஓடுகிறது என்றால், எங்கோ தேவையில்லாத காற்று நுழைகிறது. மெதுவாக ஓடும்போது இஞ்சின் குடிப்பதே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்றுக்குப் பெரிய பங்கு. வேகத்தில் அது கணக்கில் வராது. எல்லா இணைப்பிலும் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. பிறகு குழாயின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையை வளைத்து விட்டேன். முளை விரலில் ஆடியது.

இரண்டு விரலால் உருவி எடுத்தேன். கருகிச் சுருங்கிப் போயிருந்தது. பஞ்சு தீய்ந்து, குங்கிலியம் உருகி ஓடியிருந்தது. வள்ளத்தில் மரம் தண்ணீர் குடித்து உப்பி அடைத்துக்கொள்ளும். இங்கே அது உட்கார்ந்திருந்தது கொதிக்கிற இரும்பில். அங்கே மரம் காயத்தானே செய்யும்? துளையில் கட்டைவிரலை வைத்தேன். விரல் சுட்டது. இஞ்சின் பூனை மாதிரி ஓடியது. தப்பு முழுக்க என்னுடையது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி முளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடுப்புக்கு ஆகும். போய்ச் சொல்லிட்டு வாங்க. கையைக் கழுவிட்டுப் போங்க, கரியைப் பாத்தா அதையும் எங்கயோ திருடுனதும்பான்."

மறுநாள் காலை, நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று, அதே இந்தியில், முளையைத் தூக்கிக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன்.

உங்கள் டிரைவர்தான் முதலில் வாய் திறந்தான். "க்யா மிஸ்திரி, காடி பனாயா யா நாவ்?" காரா செய்தாய், படகா என்று கேட்டான். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டினார். "அப்போ நீ கள்ளன் இல்லை, மடையன்தான். குடி."

குடித்தேன். மடையன் என்பதை அன்றே ஒத்துக்கொண்டேன், இன்றும் ஒத்துக்கொள்கிறேன். லேத் ஓட்டுகிற ஒருவரைக் கெஞ்சி, பித்தளையில் மரை வெட்டித் திருகு செய்து போட்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மேட்டில் உங்கள் கார் நிற்காமல் ஏறியதை டாலிகஞ்சே பார்த்தது. என் ஷெட்டைத் தாண்டும்போது மட்டும் நீங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வீர்கள்.

நான் செய்த தப்பை, நீங்கள் திட்டிவிட்டுப் போன எட்டு நாளில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீங்கள் செய்ததை இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. சொல்லாதது போதாதென்று மேடையேறி அதையே வேடிக்கைக் கதையாகவும் சொல்கிறீர்கள். என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. போன மாதம் உங்கள் கதைக்குச் சிரித்தவர்கள் நடுவில் அவளும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அந்த டீக்கடை இப்போது இல்லை. மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, உங்களுக்குக் குரலும் இருக்கிறது. என் வீட்டுக்கு வர வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம். பிஸ்டனில் புள்ளி இருந்ததா, இல்லையா? டிரைவர் உங்களிடம் வந்து சொன்னானா, இல்லையா? அதே மேடையில் ஏறி, எல்லோருக்கும் புரியட்டும் என்று அன்று டீக்கடை முன்னால் பேசினீர்களே, அந்த இந்தியிலேயே பதில் சொல்லுங்கள்.