மண் சரிந்த வழியில் நான் கேட்ட துஆ

அஸ்ஸலாமு அலைக்கும் பிள்ளைகளே. உங்களோடு மத்ரஸாவில் ஓதுகிற ஸைனபின் வாப்பா நான். பல்லேகமயில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். பெரிய படிப்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை. அப்படித் தவித்திருக்கிறீர்களா? அந்த நாள் உங்களுக்கு வரவே வேண்டாம். எனக்கு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் என் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுத்தார்கள். “இது திரும்ப வரப் பாக்கும். சொல்ற தவணைக்கெல்லாம் வாங்க, கமெரா போட்டுப் பாக்கணும்” என்றார் டொக்டர். அன்றிலிருந்து சிறுநீர் போகும்போதெல்லாம் நிறத்தைப் பார்ப்பேன். மஞ்சளாகப் போனால், அடுத்த தடவை வரைக்கும் உயிர்.

போன மழைக் காலத்தில் ஒரு காலை, பீட்ரூட் அவித்த தண்ணீர் போலப் போனது. பிறகு எரிச்சல். கடையில் ஆள் நிற்கும்போதே பின்னால் ஓடுவேன். கொஞ்சம்தான் வரும். சாரத்தில் சொட்டுப் படும். தொழுகைக்குக் கழுவி எடுத்த உளூ முறிந்துவிடுமே என்று பள்ளிவாசலுக்குப் போவதையும் விட்டேன். மாத்தளைக்குப் போனால்தான் டொக்டர். ஆனால் மலைப் பாதையில் அத்தனை நேரம் பஸ்ஸில் எப்படி அடக்குவது? வீட்டிலேயே இருந்தால் நோய் வளரும். கேட்டவர்களிடமெல்லாம் “வயித்துவலி” என்றேன். சொல்லக்கூடிய இடத்திலா நோய் வந்திருக்கிறது?

ஒரு நாள் விடியும்போது சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. என் மனைவி பரீனா என்னை முதல் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார். பாதி மலையில் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பின்னால் வாகனங்கள் நெருக்கி நின்றன. திருப்ப இடமில்லை.

“பெக்கோ மெஷின் வந்து மண்ண அள்ளணும். கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார் கண்டக்டர்.

நான் மழையில் இறங்கினேன். பாறைக்குப் பின்னால் நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஏறினேன். திரும்ப இறங்கினேன். முன் சீட்டில் இருந்த தடித்த மனிதர், “என்ன நானா, வானம் ஊத்துறது போதாதா, நீங்களும் போய்ப்போய் வாறீங்க” என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு கல்லாகிக் கிடந்தது.

அந்தப் பாறைக்குப் பின்னால்தான் துஆ கேட்டேன். இதையா அல்லாஹ்விடம் கேட்பது என்று முதலில் கூச்சமாக இருந்தது. செருப்பு வார் அறுந்தாலும் அவனிடமே கேளுங்கள் என்று உங்களுக்கு ஓதித் தருகிறார்களே, எனக்கும் அப்படித்தான் ஓதித் தந்தார்கள். நோய் போகவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. “யா அல்லாஹ், அடைபட்டுப் போனேன். ஒரு வழி திற.” அவ்வளவுதான்.

ஏறி வந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கிளுக்கு என்ன வருத்தம்?” என்று கண்டக்டர் கேட்டார். “வயித்துவலி” என்று தொடங்கினேன்.

“வயித்துவலி இல்ல தம்பி” என்றார் பரீனா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. “மூத்திரம் அடைச்சிருக்கு. முந்தி கேன்சர் வந்த மனுசன். இவர் வெக்கத்திலயே மௌத்தாப் போயிருவாரு.”

யாரும் சிரிக்கவில்லை. முதலில் எழுந்தது அந்தத் தடித்த மனிதர்தான். “நானா, என் கழுத்தக் கட்டிப் பிடிங்க” என்று குனிந்தார். அவரும் கண்டக்டருமாக என்னைத் தூக்கிச் சேற்றைக் கடந்தார்கள். பரீனா பின்னால் வந்தார். “நல்ல பாரம். எல்லாம் தண்ணி போல” என்றார் தடித்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பக்கம் வரிசையின் கடைசியில் ஒரு வேன் நின்றது. பல்லேகமப் பக்கம் வரவிருந்த ஒரு சிங்கள ஐயா. கண்டக்டர் விஷயத்தைச் சொன்னதும் எங்களை ஏற்றிக்கொண்டு வேனை மாத்தளைக்கே திருப்பிவிட்டார். அவர் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அடைத்திருந்த இரத்தக் கட்டிகள் வெளியேறின. பிறகு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நான் அழுதேன். கழிப்பறையை விட்டு வெளியே வரும்போது ஓதுகிற துஆ உங்களுக்குப் பாடம்தானே? தொல்லையை நீக்கிச் சுகம் தந்தவனுக்கே புகழ் என்று. சின்ன வயதிலிருந்து அதை ஓடிக்கொண்டே ஓதியிருக்கிறேன். அன்று கட்டிலில் கிடந்து ஒவ்வொரு சொல்லாக ஓதினேன்.

கமெரா போட்டுப் பார்த்தார்கள். நோய் திரும்ப வந்துதான் இருந்தது. ஆனால் சின்னது. சுரண்டி எடுத்தாயிற்று. “அடைச்சதாலதான் வந்தீங்க. இல்லாட்டி இன்னும் வீட்லதான் இருந்திருப்பீங்க” என்றார் டொக்டர். நான் வழி திறக்கச் சொல்லி அழுதேன். அந்த அடைப்பே அவன் திறந்த வழியாக இருந்திருக்கிறது.

இனியும் வரலாம். அந்தப் பயம் போகவில்லை. ஆனால் தவணைக்குத் தவறாமல் போகிறேன். பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் சொல்லிவிடுகிறேன், நிறுத்தித் தருகிறார். சொட்டுப் படுகிறதே, எப்படித் தொழுவது என்று பள்ளி ஹஸ்ரத்திடமும் கேட்டேன். “ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா உளூ எடுத்துட்டு வாங்க, சஃபில நில்லுங்க” என்றார். இப்போது மற்றவர்களோடு வரிசையில், சஃபில் நிற்கிறேன்.

பிள்ளைகளே, உங்கள் உடம்பில் எந்த இடத்தில் நோவு வந்தாலும், நிறம் மாறினாலும், உம்மாவிடம் சொல்லுங்கள், வாப்பாவிடம் சொல்லுங்கள். அல்லாஹ்விடமும் அதே சொல்லால் கேளுங்கள். அவன் படைத்த உடம்புதான். அவனுக்குத் தெரியாத இடம் அதில் இல்லை.