கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமைகள்

எனக்கு மாதவிடாய் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. கலியாணத்துக்கு முன் அது என் பாடாக மட்டும் இருந்தது. கலியாணம் கட்டிப் புதுக்குடியிருப்பு ஊருக்கு வந்த பிறகு மாமியின் பாடாகவும் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை மாமியோடு பிள்ளையார் கோயிலுக்கு நான் போகாவிட்டால், வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முறை வாரக்கணக்காக ஒரு வெள்ளி விடாமல் போய்க்கொண்டிருந்தேன். மாமி தானே முடிவுகட்டிவிட்டார். கருவுக்கு ஆகாது என்று சாப்பாட்டில் பப்பாசிப்பழத்தை நிற்பாட்டினார். கிணற்று வாளியை என் கையிலிருந்து பறித்தார். "மருமகள் முழுகாமல் இருக்கிறாள் போல" என்று வேலியோடு நின்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னதும் காதில் விழுந்தது. எனக்கே தெரியாதது ஊருக்குத் தெரிந்திருந்தது. எரிச்சல் வந்தது. ஆனால் கட்டிச் சில வருடமாக நானும் அந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தேன்.

காலையில் குமட்டியது. முன்பும் குமட்டியிருக்கலாம், கவனித்ததில்லை. மார்பு நொந்தது. மாதவிடாய் வரப்போகும்போதும் அது நோகும். உடம்பு இரண்டு பக்கமும் சாட்சி சொன்னது.

உள்ளூர் பாமசியில் கர்ப்பச் சோதனைப் பட்டை வாங்கினால், நான் வீடு வருமுன் கதை வந்துவிடும். மாங்குளத்துக்கு பஸ் ஏறினேன்.

"விடிய எழும்பின உடன பாருங்கோ, அக்கா" என்றாள் பாமசிப் பெண்.

பார்த்தேன். ஒரு கோடு; இரண்டு இருந்தால்தான் பிள்ளை. யன்னலடியில் சாய்த்துப் பிடித்தால் இன்னொன்று இருக்கிற மாதிரியும் இருந்தது. அவசரப்பட்டுவிட்டேன், பிறகு பார்ப்போம் என்று பட்டையை எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடிவயிறு இழுத்தது. பிறகு ஈரம்.

"மாமி, நீங்கள் போங்கோ. நான் வெளியில நிக்கிறன்."

மாமி என் முகத்தைப் பார்த்தார். பூத்தட்டோடு உள்ளே போனார். வர வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. வெளியே வந்ததும், பழக்கத்தில், திருநீறு தொட்ட விரல் என் நெற்றிக்கு நீண்டது. பாதியில் நின்றது. திருநீற்றைத் தன் நெற்றியிலேயே மறுபடி பூசிக்கொண்டார்.

"வா பிள்ளை, வெயில் ஏற முதல் போவம்."

இல்லாத பிள்ளைக்காக அழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்குப் பின்னால் நடந்துகொண்டே அழுதேன்.