சிஸ்டரின் பட்டர் பேப்பரும் என் நாத்தனாரின் கையும்

சிஸ்டர் என் படத்தின் மேல் ஒருநாளும் பென்சில் வைத்ததில்லை. பையிலிருந்து பட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து என் தாளின் மேல் விரித்து, அதில்தான் எழுதுவார். அடியில் என் படம் மங்கலாகத் தெரியும், மேலே அவருடைய சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். பேசி முடித்ததும் அதைத் தூக்கிவிட்டால் என் படம் நான் கொண்டுவந்தபடியே இருக்கும். "படம் உங்களுது அக்கா. நான் கேக்கத்தான் வரேன்" என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் பொம்மைகளுக்கு முகம் எழுதுவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கன்னியாஸ்திரியான சிஸ்டர் பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். வாசிக்கத் தெரியாதவர்களும் பார்க்கவேண்டும் என்று பாதிக்கு மேல் படக்கதைதான் போடுவார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து ரயிலில் வந்து, மாதா கோயிலை ஒட்டிய அறையில் படம் போடுகிற பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவார். கூட்டமாக உட்காரவைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர் என்றாலும் அவர் முன்னால் எனக்கு நாக்கு உலரும்.

நான் வரைந்த கதை என் நாத்தனாருடையது. புருஷனை இழந்தவள், எங்கள் யூனிட்டிலேயே சூளையிலிருந்து பொம்மைகளை இறக்கும் வேலை செய்தாள். ஆர்டர் அவசரம் என்று ஒருநாள் சூப்பர்வைசர், "சூளை ஆறிடுச்சு, எடு" என்றார். சூளை ஆறவில்லை. அவளுடைய வலது கை வெந்துபோனது. புண் ஆறின பிறகு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புடவை முந்தானையைக் கைமேல் போட்டுக்கொண்டேதான் வெளியே வருவாள். "பேக்கிங்ல உக்கார வெக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதல் தடவை படத்தைப் பார்த்த சிஸ்டர் பட்டர் பேப்பரை விரித்தார். அதில் ஒரு முகத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"கை வெந்துட்டிருக்குது. ஏன்க்கா சிரிக்கிறாங்க?"

அப்போதுதான் நானே பார்த்தேன். அழுகிற மாமியார், திட்டுகிற சூப்பர்வைசர், வைத்தியம் பார்க்கிற டாக்டர், எல்லோர் வாயும் ஓரத்தில் மேலே தூக்கியிருந்தது. பொம்மைக்கு வாய் எழுதினால் ஓரத்தை அப்படித் தூக்கித்தான் பிரஷ்ஷை எடுக்கவேண்டும். என் கைக்கு வேறு வாய் தெரியாது. "சிரிக்காத பொம்மைய யாரு சிஸ்டர் வாங்குவாங்க?" என்றேன். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ ஒரு மாசம் நிஜ மூஞ்சியப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பார்த்தேன். தலை குனிந்தபடியே சூப்பர்வைசரைத்தான் அதிகம் பார்த்தேன். வெற்றிலை அடக்கிய கன்னம், நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, கத்தும்போது ஒரு பக்கமாக இழுக்கிற உதடு. அடுத்த ஞாயிறு கொண்டுபோன படத்தில் அவர் அப்படியே வந்திருந்தார். "இப்பதான் ஆளு வந்து நிக்கிறாரு!" என்று சிஸ்டர் சந்தோஷப்பட்டார். மறு நிமிஷமே முகம் மாறியது.

"இவரு இந்த ஊர்தானே? இதப் பாப்பாரா?"

"அவர் சம்சாரம் நம்ம கோயில் பாட்டுக்குழுவுல இருக்காங்க. பத்திரிகை அவங்க வூட்டுக்கும் போவுது."

"பாத்தா அடி யாருக்கு விழும்? உங்களுக்கா, அவங்களுக்கா?"

நாத்தனாருக்குத்தான். அவள் காத்திருந்த பேக்கிங் வேலை அவ்வளவுதான்.

"அவங்ககிட்ட காட்டினீங்களா அக்கா?"

காட்டவில்லை. அவள் கதையை அவளுக்குத் தெரியாமலே வரைந்திருந்தேன். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால ரயிலில் படம் அவரோடு போனால்தான் அந்த மாதம் அச்சேறும். "போட்டுடலாம்னும் சொல்லமாட்டேன், வேணாம்னும் சொல்லமாட்டேன். போயிட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேன்" என்றார்.

தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பக்கத்தில் சைக்கிள்காரர் ஒருவர் தாளை எட்டிப் பார்க்க, மார்போடு அணைத்துக்கொண்டேன். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது போல இருந்தது.

நாத்தனார் வாசலில் உட்கார்ந்து இடது கையால் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தாளை விரித்தேன்.

"அய்ய, அந்தாளேதான்! வாயில வெத்தல கூட இருக்குது பாரேன். ஊமை மாதிரி இருந்துக்கினு என்னா வேல பண்ணியிருக்க அண்ணி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றது. தாளில் எதையோ தேடினாள். "என் கை எங்க?"

மூலையில் முந்தானைக்கு அடியில் இருந்தது. அவள் மறைக்கிறபடியே நானும் மறைத்து வரைந்திருந்தேன்.

"இந்த மூஞ்சியப் பாத்து நாலு பேரு சிரிச்சிட்டு மடிச்சு வெச்சிடுவாங்க. அவன் மூஞ்சி எதுக்கு? எடுத்துடு. அவன் சொன்னானே, அதப் போடு. என் கையப் பெருசாப் போடு."

"பேக்கிங் வேல..." என்று இழுத்தேன்.

"தெரியும். நான் என்னா பச்சப் புள்ளையா?" என்று முந்தானையை விலக்கிக் கையைத் தாள் பக்கத்தில் வைத்தாள். "பாத்துப் போடு. அழகாப் போட்டுடாத."

ஒரே குடும்பம், தினமும் பார்க்கிறவள். ஆனால் அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன். புதுத் தாளில் நான் வரைந்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. தாள் முழுக்க அந்தக் கை. மேலே, ஆள் இல்லாமல், பேச்சு மட்டும் ஒரு குமிழுக்குள்: "ஆறிடுச்சு, எடு."

திரும்பி வந்தபோது சிஸ்டர் பையைத் தோளில் மாட்டி வாசலில் நின்றிருந்தார். தாளைப் பார்த்தார். பழக்கத்தில் கை பட்டர் பேப்பரை எடுத்தது. ஆனால் விரிக்கவில்லை, திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். "அவங்க தெரிஞ்சுதானே சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். ஆட்டோ ஏறிப் போனார்.

பத்திரிகை வந்தது, யூனிட் பெண்களும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத் திட்டவுமில்லை. நாத்தனாரைப் பேக்கிங் வேலைக்குக் கடைசிவரை கூப்பிடவுமில்லை. அடுத்த மாதம் இதைச் சொன்னபோது சிஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எதுவும் அவரிடமிருந்து வராத நாள் அது ஒன்றுதான். சீக்கிரமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் நான் ஒரு தாளை எடுத்தால், அடி யாருக்கு விழும் என்று அவர் குரல்தான் முதலில் கேட்கிறது.

ஆனால் யூனிட்டில் ஒன்று நடந்தது. பத்திரிகை வந்த வாரம், "ஆறிடுச்சு, எடுங்க" என்று சூப்பர்வைசர் குரல் கொடுத்தார். இறக்குகிற பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். சூளைக்குப் போய்த் தன் உள்ளங்கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். "சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதன் பிறகு தன் கையை வைத்துப் பார்க்காமல் அவர் எடுக்கச் சொன்னதில்லை.

நாத்தனார் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடையில் மாவாட்டப் போனாள். சாயங்காலம் என் வீட்டுப் பக்கம் வந்தால் உள்ளே வருவதற்கு முன்பே கேட்பாள்.

"இன்னிக்கும் கைய வெச்சாரா அண்ணி?"

"வெச்சாரு."

"வெக்கட்டும்" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்காருவாள்.